துணிப்பைக்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள்

சின்னதாக ஒரு தொழில் நடத்துபவர் "சுற்றுச்சூழலுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம்" என்று கிளம்பினால், முதலில் கை வைப்பது பெரும்பாலும் பையில்தான். பிளாஸ்டிக் பை போய்த் துணிப்பை வரும், பெயர்ப்பலகையில் ஓர் இலை முளைக்கும். வாடிக்கையாளர் பார்ப்பது அதைத்தானே? பின்கட்டில் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரை அவர் பார்ப்பதில்லை. முதலாளியும் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பையையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால்கூட ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது கடைகளில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமம். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. இந்தக் கணக்கில் தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் குப்பை வராது, அதனால் பிளாஸ்டிக்குக்கு இதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துணிப்பையை இலவசமாக நீட்டுவது நல்ல காரியம் இல்லை. வீட்டில் ஏற்கெனவே பத்துப் பை வைத்திருப்பவருக்குப் பதினொன்றாவது எதற்கு? பை கொண்டுவருகிறவருக்கு விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், போதும்.

சரி, மீட்டருக்கு வருவோம். ராத்திரி கதவைப் பூட்டும்போது மீட்டர் அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் திறந்ததும், எந்த சுவிட்சையும் போடுவதற்கு முன், மறுபடி எழுதுங்கள். 11 மணி நேரத்தில் 22 யூனிட் ஓடியிருந்தால், ஆளே இல்லாத இடத்தில் 2 கிலோவாட் ஏதோ ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு 8,000 யூனிட்டைத் தாண்டும். குளிர்பெட்டிகள் ஓடத்தான் வேண்டும், அதைக் கழித்துவிடலாம். மிச்சம் எது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும். இதற்கு ஆலோசகரும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

இந்த வேலையைச் செய்யாமல் நேரே கூரையில் சோலார் பலகை போடுவது அடுத்த தவறு. வீணாகும் கரன்டுக்கும் சேர்த்தல்லவா பலகை வாங்குகிறோம்? முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும், அப்புறம்தான் எத்தனை கிலோவாட் என்ற பேச்சு. பட்டறையில் காற்று கம்ப்ரசர் இருந்தால் ஒழுகல் என்ற சொல் நிஜமாகவே பொருந்தும். சரியாகப் பராமரிக்காத இடங்களில் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை குழாய் இணைப்புகளில் கசிந்தே போய்விடும். எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினால் 'உஸ்' என்று கேட்கும். கேட்கும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி கிளம்பினால் அங்கேதான் ஓட்டை. பெரிய விசிறி, பம்ப் விஷயத்திலும் இதே கதை. மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு வால்வைப் பாதி மூடி வைப்பது, ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிப்பது மாதிரி. விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் மின்சாரத் தேவை வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது (0.8 × 0.8 × 0.8 என்று பெருக்கினால் ஏறக்குறைய பாதிதான்). மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'டிரைவ்' என்ற மின்கருவியைப் பொருத்துவது அதனால்தான் லாபம்.

யாரும் பேசாத தவறு ஒன்று உண்டு. எனக்கு இதில்தான் அதிக ஆதங்கம். "குளிர்ச்சி குறைஞ்சு போச்சு, கேஸ் போடணும்" என்று வருஷாவருஷம் மெக்கானிக்கைக் கூப்பிடுவது. ஏசியிலோ குளிர்பெட்டியிலோ இருக்கும் கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்து காற்றில் கலந்துவிட்டது என்று அர்த்தம். வணிகக் குளிர்சாதனங்களில் பரவலாக இருக்கும் ஆர்-404ஏ என்ற வகை கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், 100 ஆண்டுக் கணக்கில் அது சுமார் 3,900 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தை உண்டாக்கும். கிட்டத்தட்ட 1,450 லிட்டர் டீசலை எரித்த கணக்கு அது. வண்டியை மின்சார வண்டியாக மாற்றிவிட்டுப் பின்கட்டில் இதை விட்டுவைத்தால் என்ன பிரயோஜனம்? கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் நிரப்ப விடாதீர்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோ போட்டார்கள் என்று பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். புதிதாக வாங்கும்போது ஆர்-290 உள்ள பெட்டி கிடைக்கிறதா என்று கேளுங்கள். அது புரொப்பேன்தான், தீப்பிடிக்கும் என்பதால் பழகிய கை வேண்டும், ஆனால் அதனால் வரும் வெப்பப் பாதிப்பு மிகமிகக் குறைவு.

குப்பை விஷயத்தில் நல்லெண்ணமே காலை வாரும். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் துறையினர் கொண்டுவந்த அடையாளம் அது. எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும், மறுசுழற்சிக்குப் போகும் என்று உறுதி எதுவும் கிடையாது. உங்கள் குப்பையை எடுத்துப்போகிறவரிடமே "இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுவது உத்தமம். 'மக்கும்' என்று அச்சிட்ட பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கோப்பை ஏறத்தாழ 60 டிகிரி சூடு நிற்கும் தொழிற்கூட உரக்குவியலில்தான் ஒழுங்காக மக்கும், கொல்லைப்புறக் குழியில் அப்படியே கிடக்கும். பெட் பாட்டில்களோடு கலந்தால் அந்தப் பாட்டில்களின் மறுசுழற்சியும் கெடும். பில் அச்சடிக்கும் வழவழப்பான காகிதத்தையும் பழைய பேப்பரோடு போடக்கூடாது, அதில் ரசாயனப் பூச்சு இருக்கிறது. கேட்டால் மட்டும் பில் அச்சடித்துக் கொடுப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

உற்சாகத்தில் ஓடுகிற சாமான்களையெல்லாம் தூக்கிப்போடுவதும் நடக்கிறது. குண்டு பல்பை இன்றைக்கே கழற்றலாம், அதன் வேலையை எல்இடி கால்வாசி மின்சாரத்தில் செய்துவிடும். மேசை நாற்காலி அப்படியில்லை. அவை ஓடுவதற்கு எதுவும் தின்பதில்லை, உடையும்வரை இருக்கட்டும்.

விளம்பரத்தில் 'முற்றிலும் இயற்கைக்கு உகந்தது' என்று போட ஆசை வரும். வேண்டாம். பொருள்களைப் பற்றிய சுற்றுச்சூழல் வாசகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14021கூட இம்மாதிரி மொட்டையான வாசகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 'இந்தப் பெட்டியின் அட்டையில் 80 சதவீதம் மறுசுழற்சிக் காகிதம்' என்று, கையில் ஆதாரம் இருந்தால், எழுதுங்கள். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டாலும் நிற்கும்.

கடைசியாக, சுவரில் 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று காகிதம் ஒட்டிவிட்டு ஊழியர்களை நொந்துகொள்வது. எதை அணைத்தால் திட்டு விழும் என்று தெரியாததால்தான் பலர் எதையுமே அணைக்காமல் போகிறார்கள். ராத்திரி அணைக்க வேண்டிய சுவிட்சுகளில் பச்சை ஸ்டிக்கர், தொடவே கூடாதவற்றில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கதவைப் பூட்டுகிறவர் எவரோ, மீட்டர் நோட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும்.