வான்வழிக் காந்த அளவாய்வில் இரும்புத் தாது தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

புதிதாக வருபவர்கள் வரைபடத்தைத் திறந்ததும், காந்தப் புலம் கூடுதலான இடத்தைக் காட்டும் சிவப்பைத்தான் தேடுகிறார்கள். நாங்களும் அந்த வயதில் அப்படித்தான் பார்த்தோம். பாறை நீளும் திசைக்குக் குறுக்கே பறப்பது, தரையில் அடிநிலையக் காந்தமானி வைப்பது போன்றவை பாடத்திலேயே இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

சிவப்பின் உச்சியில் துளை போடுவது

இதை இன்றைக்குப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. காந்தத் துருவத்தின் அருகே புவிக்காந்தப் புலம் செங்குத்தாக இறங்கும். அங்கே உச்சிக்கு நேர் கீழே தாது இருக்கலாம். காந்த நடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புலம் கிடையாகிவிடுகிறது. அப்போது மேக்னடைட்டின் (வலுவான காந்தம் கொண்ட இரும்புத் தாது) சொந்தப் புலம், அதற்கு நேர் மேலே புவியின் புலத்தை எதிர்க்கும். வரைபடத்தில் தாதுவின் தலைக்கு மேலே தெரிவது பள்ளம், அதாவது நீலம்.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அளந்த ஒரு வரைபடத்தில் கரு நீலத் திட்டு ஒன்று, அதன் வடக்கிலும் தெற்கிலும் வெளிறிய சிவப்பு. துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுபோய்த் தெற்குச் சிவப்பில் நிறுத்தினார்கள். துளையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாறைத் தண்டு (கோர்) அத்தனையும் நைஸ் என்னும் வெளிர் நிறப் பாறை. நூலில் கட்டிய சிறு காந்தத்தைப் பக்கத்தில் பிடித்தால் அசையக்கூட இல்லை. மேக்னடைட் நீலத்துக்கு அடியில் கிடந்தது. வரைபடம் சரியாகத்தான் சொல்லியிருந்தது, படித்த விதம்தான் தப்பு.

சரி, துருவத்தில் அளந்தது போல வரைபடத்தை மாற்றும் கணக்கைப் போட்டுவிடலாமே என்பார்கள். புலத்தின் சாய்வு மிகக் குறைவாக உள்ள இடத்தில் அந்தக் கணக்கு நிலைகுலைந்து, வடக்கு தெற்காகக் கோடு கோடாக இழுத்துவிடும். அந்தக் கோடுகளையே பாறை அமைப்பு என்று வரைந்தவர்களும் உண்டு. புலத்தின் திசையை அதிகம் சாராத பகுப்பு சமிக்ஞை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பாறையில் பழைய காலத்துக் காந்தம் உறைந்திருந்தால் துருவ மாற்றம் எந்த ஊரிலும் ஏமாற்றும். துளைக்கு முன்னால் தரையில் நடந்து ஒரு கோடாவது அளந்து, தாது இருந்தால் எப்படித் தெரியும் என்று கணக்கிட்ட மாதிரியுருவோடு பொருத்திப் பாருங்கள். ஒரு துளைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஹேமடைட்டை மறந்துவிடுவது

ஹேமடைட்டும் இரும்புத் தாதுதான், ஆனால் அதன் காந்தம் மேக்னடைட்டோடு ஒப்பிட மிக மிகக் குறைவு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி போன்ற இடங்களில் பட்டை இரும்புப் பாறை காந்த மேடாக நீண்டு போகும். அதிலுள்ள மேக்னடைட் ஆக்சிஜனேறி ஹேமடைட்டாகி, தரம் உயர்ந்த இடத்தில் மேடு அறுந்துபோகும். அந்த இடைவெளியைத்தான் குறிவைக்க வேண்டும்.

மேலே மூடிய பாறையைப் பார்த்து ஒதுக்குவது

சுண்ணாம்புக்கல் காந்தத்தை மறைக்காது. கனடாவில் ஒன்டாரியோவின் மார்மோரா மேக்னடைட்டை, அது சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் கிடந்தபோதே 1949இல் வான்வழி அளவாய்வு காட்டிவிட்டது.

காந்தம் எல்லாம் தாது என்று நம்புவது

காப்ரோ, சர்பென்டினைட், டாலரைட் போன்ற தாதுவல்லாத பாறைகளும் மேடு காட்டும். பாறையின் அடர்த்தியைக் காட்டும் ஈர்ப்பு அளவாய்வையும் சேர்த்துப் பாருங்கள்.

உயரத்தில் பறப்பது

சிறிய தாதுத் திரளிலிருந்து தூரம் இரட்டித்தால் அதன் காந்தப் பிறழ்வு (அது புலத்தில் உண்டாக்கும் மாற்றம்) எட்டில் ஒரு பங்காகிவிடும்.

காந்தப் புயல் நாளில் பறப்பது

வேண்டாம். சூரியனால் புவிக்காந்தப் புலமே அலைபாயும் நாள் அது.