பளபளப்பான இங்க்ஜெட் பிரிண்ட்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க

அடுக்கி வைத்த போட்டோ பிரிண்ட்களைப் பிரிக்கும்போது ‘சர்ர்’ என்று சத்தம் வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை. மேலே இருந்த படத்தின் முதுகோடு கீழே இருந்த படத்தின் மேல்பூச்சு பிய்ந்து வந்து, கன்னம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

எல்லோரும் ஈரக்காற்றைத்தான் திட்டுவார்கள். அதுவும் காரணம்தான், ஆனால் பாதித் தப்பு பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வந்த அன்றே நடந்துவிடுகிறது. மையில் தண்ணீரோடு கிளைகால், கிளிசரின் மாதிரி மெதுவாக ஆவியாகிற திரவங்களும் இருக்கின்றன. தண்ணீர் சீக்கிரம் போய்விடும், தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரியும், ஆனால் மற்றவை பூச்சுக்குள்ளேயே தங்கிவிடும். பெரும்பாலான போட்டோ தாள்களில் பூச்சுக்கு அடியில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அவை முதுகு வழியாகவும் வெளியேற முடியாது.

அதனால் முதல் 24 மணி நேரம் தனித்தனியாகப் பரப்பி வையுங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் மேலும் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றைப் படிய வைத்துச் சில மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள்: படத்தில் கறுப்பு அதிகமாக இருந்த இடத்துக்கு நேர் மேலே தாள் அலை அலையாக நெளிந்திருக்கும். உள்ளே தங்கிய கிளைகாலைத்தான் அது உறிஞ்சியிருக்கிறது. நெளிவு நிற்கும்வரை புதுத் தாள் மாற்றுங்கள். மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடித்திருந்தால் இன்னும் பொறுமை வேண்டும், மூக்கருகே வைத்தாலும் வாசனை வராத நிலை வரும்வரை அடுக்கவே கூடாது.

உங்கள் தாள் எந்த வகை என்று தெரிய, ஓரத்தில் ஈரவிரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது மையை வாங்கி உப்பும் பூச்சு. ஈரக்காற்றில் இளகுவதும் அதிகம் ஒட்டுவதும் இதுதான். நுண்துளைப் பூச்சு அவ்வளவு ஒட்டாது, ஆனாலும் நம்பி விட்டுவிட வேண்டாம்.

அடுக்கும்போது முகமும் முகமும் தொடவே கூடாது, நடுவில் அமிலமில்லாத, பூச்சில்லாத மெல்லிய தாள் ஒன்று கட்டாயம். பலரும் பட்டர் பேப்பர் மாதிரி வழவழப்பான கிளாசின் தாளை வைக்கிறார்கள். ஈரம் மிகுந்த இடத்தில் அதுவே ஒட்டிக்கொள்வதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிவிசி உறையும் பசை தடவிய ஆல்பமும் வேண்டவே வேண்டாம். பாலிபுரொப்பிலீன் உறை பரவாயில்லை, ஓர் உறைக்கு ஒரு படம்.

பாரமும் முக்கியம், எப்போதும் முதலில் ஒட்டுவது அடியில் இருப்பதுதான். நான் ஒரு பெட்டிக்கு இருபதுக்கு மேல் வைப்பதில்லை. அறையின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து கொண்டுவந்த பெட்டியை உடனே திறக்காதீர்கள், படத்தின் மேல் நீர் பூத்துவிடும்.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால்? இருட்டறையில் கழுவிய பழைய போட்டோ மாதிரி தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், சாயம் கரைந்து ஓடிவிடும். சிலிக்கா ஜெல்லோடு சில நாள் மூடிவைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒரு மூலையிலிருந்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்து இழுப்பது போலத் தெரிந்தாலும் நிறுத்திவிட்டு, மேலே இருக்கும் படத்தை முதலில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.