மலேசியாவின் சுங்கைப்பட்டாணிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு

முதலில் அனுமதி விஷயம். வேலை அனுமதி கைக்கு வராமல் சுற்றுலா அனுமதியில் வந்து வகுப்பெடுக்காதீர்கள், "அப்புறம் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வந்து இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும். எனக்கு முதலில் வேலை கொடுத்தவர்கள் "பத்திரமா இருக்கும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்ப வாங்க நடையாய் நடந்தேன். உரிய அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது இங்கே 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வாடகை வீட்டுக்குப் பொதுவாக 2 மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கென்று இன்னும் அரை மாத வாடகை. நம் ஊர் வட்டமுள் பிளக் இங்கே சேராது, மூன்று செவ்வக முள் உள்ளதுதான் வேண்டும். சுங்கைப்பட்டாணி இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை ஆற அமர அம்மாவோடு பேசலாம் என்று நினைத்தால் நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள், அதுவும் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால்.

சரி, இனி பேச்சு. தமிழ் தெரியும், அதனால் கவலையில்லை என்றுதான் நானும் வந்தேன். முதல் நாள் கடையில் உட்கார்ந்ததும் அக்கா வந்து "டீச்சர், தண்ணி என்ன?" என்றார். "பச்சைத் தண்ணி போதும்க்கா" என்றேன். என்ன குடிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தே என்றால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றிய டீ, தே ஓ என்றால் பால் இல்லாதது, தே ஓ கோசோங் என்றால் சர்க்கரையும் இல்லாதது. "பசியாறிட்டீங்களா?" என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். பத்து வெள்ளி என்பது பத்து ரிங்கிட். "ஊர்லேருந்து வந்தீங்களா?" என்று கேட்டால் அந்த ஊர் இந்தியா. இதையெல்லாம் திருத்த நினைக்காதீர்கள், நாலு தலைமுறையாகப் புழங்கி வரும் தமிழ் இது, நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் ஆங்கிலமும் அப்படித்தான். "டீச்சர், கேன் ஆர் நாட்?" என்பான், விளக்கைப் போடு என்பதற்கு "ஆன் த லைட்" என்பான். சிரித்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க வாய் திறக்க மாட்டான். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வில் அது எடுபடாது, உண்மைதான். அதனால் அவன் சொன்னதைக் கரும்பலகையில் இடப்பக்கம் எழுதி, தேர்வுக்கு எழுத வேண்டியதை வலப்பக்கம் எழுதி, எது நண்பனுக்கு, எது தேர்வுத் தாளுக்கு என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். பொறுமையாகச் செய்தால் பலன் தெரியும், நான் பார்த்திருக்கிறேன்.

எழுத வைப்பதற்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். இன்று சுற்றிலும் செம்பனைதான் (எண்ணெய்ப்பனை), குடும்பங்களும் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டன, ஆனாலும் இரண்டு பெரியவர்கள் சந்தித்தால் முதல் கேள்வி "எந்தத் தோட்டம்?" என்பதுதான். பாட்டி இருந்த தோட்டத்தைப் பற்றி ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டு, உறைந்துபோன ஒட்டுப்பால் எல்லாம் வீட்டில் கேட்டு வருவார்கள், ஆங்கில வார்த்தையைச் சேர்ந்து தேடலாம். ஒரு பையன் ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே "மங்கு" என்று தமிழிலேயே எழுதியிருந்தான். என்னப்பா இது என்றேன். வாயால் சொல்லத் தெரியாமல் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினான். மறுநாள் செய்தித்தாளில் சுற்றி ஒரு பழைய மங்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான், ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம், அடியில் கருத்துக் காய்ந்த ஒட்டுப்பாலோடு.