காந்த நெயில் பாலிஷ்: ஒவ்வொரு நகமாகப் போடுங்கள்

பூனைக்கண் மாதிரி ஒளிக்கோடு விழும் காந்த நெயில் பாலிஷை வீட்டில் போடும்போது, முதல் பூச்சை எல்லா நகத்திலும் போட்டுக் காயவிடுங்கள், ஆனால் இரண்டாவது பூச்சை ஒரு நகத்துக்குப் போட்டவுடனே காந்தத்தை நகத்தில் படாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே பதினைந்து விநாடி பிடித்துவிட்டு, அப்புறம் அடுத்த நகத்துக்குப் போங்கள்.

இந்தப் பாலிஷில் இருப்பது நுண்ணிய இரும்புத் துகள். பாலிஷ் ஈரமாக இருக்கும்வரைதான் அது காந்தத்தின் பக்கம் நகரும், காய ஆரம்பித்ததும் இருந்த இடத்திலேயே இறுகிவிடும். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி வெக்கையில், தைப்பூசக் காவடிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஐந்து விரலுக்கும் பூசிவிட்டு வந்து காந்தம் பிடித்தால், கட்டைவிரல் அதற்குள் கெட்டியாகி மங்கலாக நிற்கும்.

வாங்கும் முன்பே ஒரு சின்ன வலுவான காந்தத்தைப் பாட்டிலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். உள்ளே கோடு மாதிரி ஒன்று கூடினால் அது காந்தப் பாலிஷ்தான், காசு வீணாகாது.

சாதாரண கிளிட்டருக்கு இது பலிக்காது. அது பெரும்பாலும் பிளாஸ்டிக், காந்தத்துக்கு அசையாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் வளையும் காந்தமும் பெரும்பாலும் போதாது, வலுக் குறைவு. ஜெல் வகையானால் காந்தம் பிடித்த உடனே ஜெல்லை இறுக வைக்கும் UV விளக்கின் கீழ் நகத்தை வைக்க வேண்டும், தாமதித்தால் கோடு கலைந்துவிடும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அந்தக் காந்தத்தை அவர்கள் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.