மூலிகைக் கன்று வாங்குமுன் அறிவியல் பெயரைக் கேளுங்கள்

நாற்றுப் பண்ணையில் கரிசலாங்கண்ணி என்று மட்டும் கேட்டால் இருவேறு பேரினங்களை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புகளை, சேர்ந்த செடிகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கக்கூடும் என்பதால், அதன் அறிவியல் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்வது மிக அவசியம். வெள்ளைப் பூ பூப்பது எக்லிப்டா பிராஸ்ட்ரேட்டா. மஞ்சள் பூ பூப்பது ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரங்கள் அனைத்துக்கும் சீராகக் கையாண்ட இந்த இருசொற் பெயரிடலில் முதற்சொல் பேரினத்தையும், அதனுடன் சேரும் இரண்டாம் சொல் இனத்தையும் காட்டுகின்றன. முதற்சொல்லை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஏனெனில், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, அழகுக்காகத் தரையில் படரவிடப்படும் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டாவும் அதே பேரினம்தான். மஞ்சள் நிறப் பூவைப் பார்த்துப் பலர் அதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பிக் கீரையாகச் சமைக்க எண்ணுவது கவலைக்குரியது. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அழகுச் செடியின் இலை பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும், மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலையோ மடல் பிரியாமல் நீண்டிருக்கும்.

பழைய மூலிகை நூல்களில் எக்லிப்டா ஆல்பா, வெடேலியா சைனென்சிஸ் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அவை முறையே இவ்விரு கரிசலாங்கண்ணிகளின் முந்தைய பெயர்களே. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் பழைய பெயரைத் தட்டினால், இன்று ஏற்கப்பட்ட பெயரை இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.