பிக்கப் வண்டிக்கு லெவலிங் கிட், வீல், டயர்: எதை முதலில் முடிவு செய்வது?

பிக்கப் வாங்கிய புதிதில் கண்ணை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் தூக்கலாகவும் மூக்கு தரையைப் பார்த்தபடியும் இருக்கும். இது கோளாறு இல்லை. பின்னால் சுமை ஏற ஏற ஸ்பிரிங் அமுங்கும், அப்போது வண்டி சமமாக வரட்டும் என்றுதான் வெறும் வண்டியின் பின்பக்கத்தை ஓரிரு இஞ்ச் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தை உயர்த்தி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதுதான் லெவலிங் கிட்டின் வேலை.

முதலில் கிட், அப்புறம் பார்வைக்குப் பிடித்த வீல், மிச்சக் காசுக்கு டயர். பலரும் இந்த வரிசையில்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். வண்டி அம்சமாகத்தான் நின்றது. மறுநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன், 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் அகலத்துக்கு டயர் பளபளவென்று கோடு போட்டிருந்தது. 2 இஞ்ச் தூக்கிய பிறகும் உரசுகிறதே என்று தலையைச் சொறிந்தேன். வண்டியின் உயரம் போதாமல் அது உரசவில்லை, நான் வாங்கிய வீலின் ஆஃப்செட்தான் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்ற அளவு) காரணம் என்று புரிய ஒரு வாரம் ஆனது. அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். டயர் முதலில், வீல் அடுத்து, கிட் கடைசியில்.

படி 1: அளந்து எழுதி வையுங்கள்

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். பின்னால் சுமை இருக்கக் கூடாது, டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். இஞ்ச் டேப்பை வீலின் நடு மையத்தில் வைத்து, நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். நான்கு மூலைக்கும் இதையே செய்யுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் மாறும்போது கணக்கும் மாறிவிடும், மையத்திலிருந்து அளந்தால் மாறாது.

முன்னால் 520 மி.மீ., பின்னால் 565 மி.மீ. என்று வந்தால் வித்தியாசம் 45 மி.மீ., அதாவது 2 இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்காக 45-ஐயும் உயர்த்தத் தேவையில்லை. அடிக்கடி சுமை ஏற்றுபவரோ டிரெய்லர் இழுப்பவரோ என்றால், முழுக்கச் சமமாக்கிய வண்டி சுமை ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் லேசாகிவிடும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின்பக்கம் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் தூக்கலாகவே இருக்கட்டும்.

படி 2: டயர்

டயரின் பக்கத்தில் 265/70 ஆர் 17 என்பது போல எழுதியிருக்கும். 265 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. 17 என்பது வீலின் விட்டம், இஞ்சில். இதை வைத்து மொத்த விட்டத்தை நாமே கணக்குப் போட்டுவிடலாம். 265-இல் 70 சதவீதம் 185.5. மேலும் கீழுமாக 371. 17 இஞ்ச் என்றால் 431.8 மி.மீ. கூட்டினால் ஏறக்குறைய 803 மி.மீ., சுமார் 31.6 இஞ்ச். இதையே 285/70 ஆர் 17-க்குப் போட்டால் 831 மி.மீ., அதாவது 32.7 இஞ்ச். '33 டயர்' என்று பேச்சில் சொல்வது இதைத்தான்.

28 மி.மீ. பெரிய டயர் போட்டால் வண்டி அதில் பாதி, 14 மி.மீ. மட்டுமே உயரும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103.5-இல் ஓடும். வெறும் 3.5 சதவீதம்தானே என்று தோன்றும், வேகக் கேமரா அப்படி நினைக்காது. பல வண்டிகளில் டயர் அளவை கம்ப்யூட்டரில் திருத்திவிட முடியும்.

அளவு முடிவானதும் சுமை எண்ணைப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121 என்றால் 1450 கிலோ. கதவு ஓரத்தில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு இது குறையவே கூடாது. எல்டி என்று தொடங்கும் லைட் டிரக் டயர்கள் கெட்டியானவை, கல்லுக்கும் சுமைக்கும் தாங்கும். ஆனால் கனம் அதிகம், ஓட்டமும் கொஞ்சம் முரடாகும். சாதாரண டயரிலிருந்து எல்டிக்கு மாறினால் பழைய காற்றழுத்தம் போதாது. அதே சுமையைத் தாங்க எல்டிக்குக் கூடுதல் காற்று வேண்டும், டயர்காரரிடம் சுமை அட்டவணையைக் கேட்டுக் காற்று பிடியுங்கள்.

எச்டி (நெடுஞ்சாலைக்கு), ஏடி (எல்லாத் தரைக்கும்), எம்டி (சேற்றுக்கு) என்ற மூன்று ரகத்தில் பெரும்பாலானோருக்கு ஏடி போதும். எம்டி சேற்றில் ராஜா, தார்ச்சாலையில் இரைச்சல். வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு மாதத்தில் ஒருநாள் சேற்றில் இறங்குபவர் எம்டி வாங்குவதை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நீளமான குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால், அது 2024-இன் 23-ஆம் வாரத்தில் வந்த டயர்.

படி 3: வீல்

முதலில் போல்ட் அமைப்பு. 6x139.7 என்றால் 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஆறு போல்ட். டொயோட்டா ஹைலக்ஸ், செவ்ரோலே சில்வராடோ 1500 போன்ற பிக்கப்களில் இதுதான். இப்போதைய ஃபோர்டு எஃப்-150-இல் 6x135. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், மாட்டினால் உட்காராது. அடுத்தது நடுத்துளை, வண்டியின் ஹப் (வீல் மாட்டும் சுழலும் பாகம்) நுழையும் துளை. சில்வராடோவின் ஹப் 78.1 மி.மீ., ஹைலக்ஸின் ஹப் 106.1 மி.மீ. அதனால் சில்வராடோவுக்கான வீல் ஹைலக்ஸ் ஹப்பில் ஏறாமல் போகலாம், போல்ட் அமைப்பு ஒன்றாக இருந்தாலும். நட்டின் வடிவமும் வீலின் துளையோடு பொருந்த வேண்டும். கூம்பு வடிவத் துளைக்குத் தட்டை நட்டு போட்டால் ஓட ஓடத் தளரும்.

சரி, என்னைக் கவிழ்த்த ஆஃப்செட்டுக்கு வருவோம். வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். பிளஸ் கூடக் கூட வீல் உள்ளே போகும். பூஜ்யத்தை நோக்கிக் குறைந்து மைனஸ் பக்கம் போனால் வெளியே துருத்தும்.

என் பழைய வீல் 8 இஞ்ச் அகலம், பிளஸ் 30. புதியது 9 இஞ்ச், பூஜ்யம். அகலம் கூடியதில் பாதி 12.7 மி.மீ., ஆஃப்செட் வித்தியாசம் 30 மி.மீ., ஆக வெளி விளிம்பு 42.7 மி.மீ. வெளியே வந்துவிட்டது. டயர் 265-லிருந்து 285-ஆக மாறியதில் இன்னொரு 10. மொத்தம் 5 செ.மீ.க்கு மேல். வெளியே தள்ளிய டயர் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது பெரிய வட்டமாகச் சுழலும். அப்போதுதான் பம்பரின் மூலையிலும் மட்கார்டின் பின்பக்கத்திலும் போய் இடிக்கும். பின்னர் 8.5 இஞ்ச், பிளஸ் 25 வீலுக்கு மாறினேன். அதில் வீல் விளிம்பு வெளியே 11 மி.மீ., உள்ளே 1 மி.மீ. மட்டுமே நகர்கிறது. உரசல் போயே போச்சு.

டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே தெரிவது பல இடங்களில் சட்டப்படி தவறு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: கிட்

முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொள்ளும் கம்பி) உள்ள பழைய வண்டியா, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டா என்று பாருங்கள். டார்ஷன் பாருக்கு, அதன் முறுக்கைப் பிடித்து வைக்கும் கீ என்ற துண்டை மாற்றுவார்கள். ஸ்ட்ரட்டுக்கு இரண்டு வழி. ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர் மலிவு, மாட்டுவதும் சுலபம். வீலை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் (கண்ட்ரோல் ஆர்ம்) நடுவே ஸ்ட்ரட் உட்கார்ந்திருப்பதால் ஒரு இஞ்ச் ஸ்பேசர் பல வண்டிகளில் ஏறக்குறைய 2 இஞ்ச் உயர்த்தும். ஆனால் வீல் தொங்கும்போது முன்பைவிடக் கீழே இறங்கும், பால் ஜாயிண்டும் ஆக்ஸில் ஜாயிண்டும் கூடுதலாக வளையும்.

ஸ்பிரிங்குக்கு மேல் உள்ளே வைக்கும் ஸ்பேசரில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் வேகத்தடையில் வீல் தொங்கும்போது 'டக்' என்று தட்டும். இதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். தெறித்தால் உயிருக்கே ஆபத்து, இதை மட்டும் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். இன்னொன்று, இந்த ஸ்பேசர் வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். பள்ளத்தில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது வீல் போய்ச் சேரும் இடம் பழைய இடம்தான். கிட் போட்டால் எந்த டயரும் நுழைந்துவிடும் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அளவுக்கு ஒன்றரை இஞ்ச் போதும் என்றால் ஒன்றரையோடு நிறுத்துங்கள். இரண்டரைக்கு மேல் போனால் மேல் கையையும் மாற்ற வேண்டிய செலவு பெரும்பாலும் வந்து சேரும்.

படி 5: மாட்டிய பிறகு

வீல் அலைன்மெண்ட் கட்டாயம். முன்பக்கம் உயர்ந்ததும் கேம்பர், காஸ்டர், டோ என்ற வீல் கோணங்கள் எல்லாம் நகர்ந்திருக்கும், விட்டால் புது டயர் ஒருபக்கமாகத் தேயும். ஹெட்லைட்டைக் கீழே இறக்குங்கள். முன்பக்கக் கேமரா, ரேடார் உள்ள வண்டியென்றால் அதையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டியிருக்கும்.

உரசலைச் சோதிக்க ஒரு முன் வீலைச் சாய்தளத்தில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். தரையில் உரசாதது அங்கே உரசும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கி, 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஸ்டெப்னியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வண்டிக்கு அடியில் அதற்கென்று இருக்கும் இடத்தில் பெரிய டயர் நுழையாமல் போகலாம், ஐந்தாவது டயரை வாங்கும் முன் அந்த இடத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.