அப்பப்பா நேவியில் இருந்தார் என்று படையில் சேரக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருகோணமலையில் பல பழைய வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. உள்ளே வெள்ளைச் சீருடையில் ஒரு படம், ஒன்றிரண்டு பதக்கம், மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடதாசி. 1957 ஒக்டோபரில் கையளிக்கப்படும்வரை இங்கே இருந்தது பிரித்தானியக் கடற்படைத் தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டு போட்ட கதையைக் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகளில் ஓரிருவருக்கு, "அப்பப்பா போன வழியில் நானும் போறேன்" என்று ஆசை வந்துவிடுகிறது. பிரித்தானியப் படைகளில் கொமன்வெல்த் நாட்டவருக்கு இடம் உண்டு, இலங்கையும் கொமன்வெல்த் நாடுதான். ஆகவே ஆசையில் பிழை சொல்ல மாட்டேன். படிவம் நிரப்பிக் கொடுக்கப் போன இடங்களில் நான் கண்ட பிழைகள் வேறு.

முதலில் அந்தப் பெட்டி. வீட்டில் "நேவியில் வேலை" என்றுதான் சொல்லுவார்கள். கப்பல் திருத்தும் டொக்யாட்டில் பிட்டராகவோ கிளாக்கராகவோ நின்றவர் படைவீரர் அல்ல, சிவில் ஊழியர். யுத்த காலத்தில் இலங்கைக்கென்று தனியாக ஒரு தொண்டர் கடற்படையும் இருந்தது. 1950 டிசம்பரில் உருவான ரோயல் சிலோன் நேவிக்கு அதுதான் வேர். பிரித்தானியக் கடற்படை, இலங்கைத் தொண்டர் படை, டொக்யாட் மூன்றும் மூன்று கணக்கு. என் அம்மப்பாவும் டொக்யாட்தான். பத்து வயதுவரை நான் அவரைக் கப்பற்காரர் என்றே நம்பியிருந்தேன். பதக்கத்தை வைத்தும் தீர்மானிக்க முடியாது. இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைப் பிரித்தானியா தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது.

சரி, உங்கள் தாத்தா உண்மையாகவே பிரித்தானியச் சீருடை போட்டவர் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் பேரனுக்குக் குடியுரிமை வந்துவிடாது. எத்தனை தரம் சொன்னாலும் ஆட்கள் இதை நம்புவதில்லை. "அவர் பிரிட்டிஷ் பிரஜைதானே" என்பார்கள். அன்றைக்கு இந்தத் தீவில் பிறந்த எல்லோருமே பிரித்தானிய முடியின் பிரஜைகள்தான். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அவர்கள் இலங்கைப் பிரஜைகளானார்கள், அதற்குள் அடங்காத மலையக மக்கள் நாடற்றவர்களானார்கள். பழைய அந்தஸ்து எதுவும் பேரன்வரை இறங்கி வரவில்லை. தாத்தா பாட்டியை வைத்து ஒரு விசா இருக்கிறது, உண்மைதான். கொமன்வெல்த் நாட்டவருக்கான வம்சாவளி விசா, ஐந்து வருடத்துக்குக் கொடுப்பார்கள், வேலை செய்யும் நோக்கமும் இருக்க வேண்டும். ஆனால் அதில் கேட்பது தாத்தா எங்கே வேலை செய்தார் என்றல்ல, எங்கே பிறந்தார் என்று. பிரித்தானியாவில் பிறந்த மாலுமி இங்கே குடும்பமாகியிருந்தால் அந்தப் பேரப்பிள்ளைக்கு வழி உண்டு. அவர் பாட்டியைச் சட்டப்படி கலியாணம் கட்டாமல் போயிருந்தாலும் கோரலாம். வெட்கப்பட்டு இதை மறைத்து, கிடைக்க வேண்டியதை விட்ட குடும்பங்களும் உண்டு.

இனி நான் அதிகம் மினக்கெட்ட விஷயம். தாத்தாவின் கடதாசிகளை ஒரு வருடம் தேடுவார்கள். தங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருநாளும் விரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த மாவட்டத்தில் இருந்து இடம்பெயர்ந்து தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்று, பிறகு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளையிடம் இருப்பது இந்தியப் பிறப்புச் சான்றிதழ். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, தாயோ தகப்பனோ இலங்கையராக இருந்தாலும், தானாக இலங்கைப் பிரஜை ஆகிவிடுவதில்லை. பதிய வேண்டும். சட்டப்படி ஒரு வருடத்துக்குள். பிந்தினால் அனுமதி பெற்றுப் பதியலாம். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியாமல் வந்தவர்கள் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்த பிறகு அடையாள அட்டை, அதன் பிறகு பாஸ்போர்ட். இது முடியாமல் நீங்கள் கொமன்வெல்த் பிரஜை என்று எந்தப் படைக்கும் காட்ட முடியாது. "இங்கேயே பிறந்ததாகக் காலங்கடந்த பதிவு ஒன்று எடுத்துவிடு தம்பி" என்று யோசனை சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். கேட்டுவிடாதீர்கள். படையில் எடுக்க முன் பாதுகாப்பு விசாரணையில் எங்கே வாழ்ந்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்று துருவுவார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்று போதும், எல்லாம் கவிழும்.

பெயரையும் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். தாத்தாவின் ஆவணத்தில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அப்பாவின் பத்திரத்தில் இன்னொன்று, உங்களுடையதில் மூன்றாவது. சத்தியக் கடதாசியோடு இதை முதலிலேயே நேராக்கிவிடுவது நல்லது.

2018 நவம்பரில் பிரித்தானியா, கொமன்வெல்த் நாட்டவர் ஐந்து வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி, ஆண்டுக்கு 1,350 பேர் வரை எடுக்கலாம் என்றது. அந்தப் பழைய செய்தியை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். வாசல் சில காலம் திறக்கும், சில காலம் மூடும். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், சில வேலைகளுக்குப் பிரித்தானியக் குடியுரிமையே கேட்பார்கள். சுற்றுலா விசாவில் போய் நின்று பார்க்கலாம் என்பது பிழையான கணக்கு. அப்புறம் ஏஜென்சி. படையில் சேர எந்த முகவருக்கும் காசு கட்டத் தேவையில்லை. கேட்கிறார் என்றால் அவர் வேறு எங்கோ அனுப்பப் பார்க்கிறார். 2024இல் நல்ல சம்பளம், ரஷ்யாவில் வேலை என்று நம்பிப்போன இலங்கையர் உக்ரைன் போர்முனையில் செத்ததை மறக்கக் கூடாது.

பிரித்தானியப் படையில் இருக்கும் கூர்க்காக்களைக் காட்டிக் கேட்பவர்களுக்கு: அந்த ஏற்பாடு நேபாளத்தவருக்கு மட்டும். பிரெஞ்சு அந்நியர் படை எந்த நாட்டவரையும் எடுக்கும், ஆனால் பிரான்ஸ்வரை உங்கள் சொந்த வழியில் போய்ச் சேர வேண்டும். இந்தியப் படைகளின் அதிகாரித் தேர்வு விதியில், இலங்கையிலிருந்து நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினருக்கு இடம் உண்டு, அரசின் தகுதிச் சான்றிதழோடு. பரம்பரையாகத் திருகோணமலையில் இருக்கும் குடும்பம் அதற்குள் வராது.

தாத்தா ரோயல் சிலோன் நேவி என்றால் அதன் வாரிசு இன்றைய இலங்கைக் கடற்படை, பயிற்சிக் கழகமும் இதே ஊரில். 1960 முதல் 1970 வரை அந்தக் கடற்படைக்குத் தளபதி ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். யுத்தத்துக்குப் பிறகு ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தச் சீருடையைப் போடுவது வீட்டில் என்ன பேச்சைக் கிளப்பும் என்று எனக்குத் தெரியும். அது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியது, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசியாக, சேர்ந்த பிறகு செய்கிற தவறு. பிரித்தானியப் படையில் இருக்கும்வரை உங்களுக்குக் குடிவரவுக் கட்டுப்பாடு கிடையாது. வெளியே வந்த நாளிலிருந்து உண்டு. நான்கு வருட சேவைக்குப் பிறகு நிரந்தர வதிவிடம் கேட்கலாம், ஆறு வருடம் செய்தவர்களுக்கு 2022 முதல் கட்டணமும் இல்லை. ஆனால் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் இருந்து, விசா இல்லாதவர்களாகிப்போன பீஜித் தீவு முன்னாள் வீரர்கள் 2020இல் வழக்குக்குப் போனார்கள். பிரித்தானியக் குடியுரிமை எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை அன்றோடு போய்விடும், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து அதைத் தக்கவைத்தால் ஒழிய. அதை மறந்துவிட்டால், டிரங்குப் பெட்டி இருக்கிற அந்த வீட்டுக்கே விசா எடுத்துத்தான் வர வேண்டும்.